குற்றாலச் சாரலுக்கு ஒரு டம்ளர் சுக்குக் காபி... மழைக்கால மூலிகை பானங்களில் எது ருசி, எது மருந்து?

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்கள் காலையில் எழுந்ததும் மேற்கே மலையைத்தான் பார்ப்பார்கள். மேகம் இறங்கி மலையை மூடியிருந்தால், 'சாரல் பிடிச்சிருச்சு' என்று அர்த்தம். அப்புறம் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் கூட்டம்தான். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கே குளித்தாலும், ஈரத்தலையோடு வெளியே வந்ததும் கால்கள் தானாகச் சுக்குக் காபி கடையைத் தேடும்.

எனக்கு அந்த ருசியை அறிமுகப்படுத்தியது தென்காசியில் இருக்கும் என் ஆச்சி. "ஏட்டி, முதல்ல தலையைத் துவட்டு. அப்புறம் காபி" என்பார். பெயர்தான் காபி, காபித்தூள் ஒரு சிட்டிகைகூட இருக்காது!

ஆச்சியின் சுக்குக் காபி

கொத்தமல்லி விதை 4 ஸ்பூன், இரண்டு அங்குலச் சுக்கு ஒரு துண்டு, மிளகு 1 ஸ்பூன், ஏலக்காய் 2. சுக்கின் தோலைச் சீவிவிட்டுத் தட்டிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, ஆறியதும் பொடித்து, ஈரமில்லாத பாட்டிலில் வையுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் பொடி. ருசிக்குக் கருப்பட்டி. ஒன்றரை டம்ளராகச் சுண்டியதும் வடிகட்டிவிடலாம். கருப்பட்டி உடன்குடியிலிருந்து வந்ததாக இருந்தால் ஆச்சிக்குக் கூடுதல் சந்தோஷம்.

சுக்கு ஏன் இஞ்சியைவிட அதிகமாகக் காரும்? இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால், ஷோகால் என்ற பொருளாக மாறுகிறது. அதற்குக் காரம் அதிகம். நனைந்து நடுங்கும் உடம்புக்கு அந்தக் காரமும் சூடும் இதமாக இருக்கும். கரகரக்கும் தொண்டைக்கும் ஆறுதல் கிடைக்கும்.

குழந்தைகளுக்குக் காரம் ஆகாது என்றால், வீட்டுத் தொட்டியில் இருக்கும் கற்பூரவள்ளி போதும். இரண்டு இலை, நாலு துளசி இலை போட்டுக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும் கொஞ்சம் தேன் சேர்த்துக் கொடுக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

குடிநீர் என்றால் வேறு

இதுவரை சொன்னதெல்லாம் அடுப்படிச் சமாச்சாரம். சித்த மருத்துவத்தில் 'குடிநீர்' என்பது மருந்து. அதற்கு அளவு உண்டு, வேளை உண்டு.

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு மட்டும் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அதில் ஒன்பது சரக்குகள் இருக்கின்றன: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு. 2020-ல் கொரோனா காலத்தில் தெருத்தெருவாகக் கொடுத்தார்களே, அந்தக் கபசுரக் குடிநீரில் பதினைந்து. இந்தப் பொடிகளைத் தண்ணீரில் போட்டு, நாலில் ஒரு பங்காகச் சுண்டவைத்து வடிகட்டுவதுதான் முறை. அவ்வப்போது புதிதாகக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். நேற்றைய கஷாயத்தை இன்று சூடுபண்ணக் கூடாது.

நிலவேம்பைச் சுற்றிச் சர்ச்சையும் வந்திருக்கிறது. 2017-ல் டெங்கு பரவியபோது, ஆய்வு முடிவுகள் வரும்வரை அதை விநியோகிக்க வேண்டாம் என்று தன் இயக்கத்தினரை நடிகர் கமல்ஹாசன் கேட்டுக்கொண்டார். சித்த மருத்துவர்கள் பலர் மறுத்துப் பேசினார்கள். அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். காய்ச்சல் வந்த வீட்டில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம்.

எங்கள் வீட்டில் நடந்தது

தென்காசிக்குச் சாரலோடு மழை முடிவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை வரும், கொசுவும் வரும். அப்படி ஓர் ஐப்பசியில் என் தம்பிக்குக் காய்ச்சல். மூன்று நாளும் கஷாயம் கொடுத்தோம். நாலாம் நாள் காலை உடம்பு குளிர்ந்துவிட்டது. "கஷாயம் கேட்டிருச்சு" என்று ஆச்சிக்கு அவ்வளவு நிம்மதி. மத்தியானத்துக்குள் வாந்தி நிற்கவில்லை, வயிற்றுவலியில் சுருண்டுவிட்டான். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

டெங்குவில் காய்ச்சல் குறையும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு... இதில் ஒன்று தெரிந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடவும் கூடாது.

இவர்களெல்லாம் கவனம்!

* சர்க்கரை உள்ளவர்கள்: கருப்பட்டியும் சர்க்கரைதான். சுக்குக் காபியை இனிப்பில்லாமல் குடித்துப் பழகுங்கள்.
* ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள்: அதிமதுரம் சேர்த்த பானங்களைத் தினமும் குடிக்காதீர்கள். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும்.
* கர்ப்பிணிகள்: ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது, தவிர்த்துவிடுங்கள். மற்ற கஷாயங்களையும் டாக்டரிடம் கேட்டபிறகே குடியுங்கள்.
* ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள்: குடிநீர் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான்.

குற்றாலத்தில் பெயர் ஒட்டாத மூலிகைப் பொடி வாங்க நேர்ந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள். சுக்கும் மல்லியும் உங்கள் தெரு மளிகைக் கடையிலேயே கிடைக்கும்.

ஆச்சி இப்போதும் சாரல் நாளில் சுக்குக் காபி போடுகிறார். ஆனால் யாருக்காவது உடம்பு சுட்டால் டம்ளரைக் கையில் கொடுக்கும்போதே கேட்டுவிடுகிறார்: "இது தொண்டைக்கு. டாக்டர்ட்ட எப்போ போற?"