குஞ்சுகளுக்குச் சூடு: கருவியும் கண்ணும்

மார்கழிக் குளிரில் நாம் பட்டதை மறைக்க விரும்பவில்லை. கடன்பட்ட குடும்பமொன்றின் கொட்டிலில், தகர வளையத்துக்குள் 100 குஞ்சுகளை விட்டு, மின்குமிழ்கள் தாமாக எரிந்து அணையும்படி தேமோஸ்டற் ஒன்றைப் பொருத்தினோம். அதன் உணரியைக் குமிழுக்கு நேர்கீழே கட்டியதே எமது தவறு. அவ்விடம் சூடேறியதும் கருவி மின்சாரத்தை நிறுத்தியது. வளையத்தின் ஓரமோ குளிர்ந்தே கிடந்தது. இருளில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. விடிந்தபோது 11 குஞ்சுகள் நசிந்து இறந்திருந்தன. அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க எமக்குத் துணிவில்லை.

உணரி குஞ்சின் முதுகு மட்டத்தில், குமிழுக்கும் ஓரத்துக்கும் நடுவே தொங்கவேண்டும். முதல் வாரம் 32 முதல் 35 பாகை செல்சியஸ் போதும். பின்னர் வாரந்தோறும் ஏறக்குறைய 3 பாகை குறையுங்கள். பெரிய குமிழ் ஒன்றைவிடச் சிறியவை இரண்டு நல்லது; ஒன்று பழுதானாலும் மற்றது எரியும். இப்போது கடைகளில் விற்கும் எல்.ஈ.டி. குமிழ் சூட்டுக்கு உதவாது. ஆயினும் கருவியோடு தொடுக்காமல் அதில் ஒன்றை இரவிரவாக எரியவிட்டால் குஞ்சுகள் இருளில் பதறமாட்டா. மின்னிணைப்பை வேலை தெரிந்தவரே செய்யட்டும். கீழே கிடப்பது உமி.

கருவி இருக்கிறதென்று உறங்கிவிடாதீர்கள். குமிழின் கீழ் நெருக்கினால் குளிர். விலகி வாய்பிளந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். பரவிப் படுத்திருந்தால் சரி. மின்சாரம் நின்றால் மூடிய கொட்டிலில் கரித்தணல் வைக்கவேண்டாம், அதன் நச்சுவாயு கொல்லும். போத்தல்களில் வெந்நீர் நிரப்பி, சாக்கில் சுற்றி வளையத்துக்குள் வையுங்கள்; ஆறியதும் மாற்றுங்கள்.