மகளின் கூந்தலும் வீட்டின் ஆரோக்கியமும்



பொம்பளப் பிள்ளைக்குத் தலைமுடிதான் அழகு என்று நம்ம ஆட்கள் சொல்வார்கள். திருவிழா, தீபாவளி என்றால் மகளுக்குத் தலை வாரிப் பூ வைத்துப் பார்ப்பதில் நமக்கு ஒரு சந்தோசம். ஆனால் வேலை நாளில் நிலைமை வேறு. விடியக்காலையில் அடுப்பு மூட்ட வேண்டும், ரொட்டி சுட வேண்டும், தண்ணி எடுக்க வேண்டும், கைப்பிள்ளையை மடுவத்தில் விட்டுவிட்டு பிரட்டுக்கு ஓட வேண்டும். அந்த அவசரத்தில் மகளின் தலையை இரண்டு இழு இழுத்துப் பின்னி பாடசாலைக்கு அனுப்பி விடுகிறோம்.

இதைக் குறையாகச் சொல்ல நாம் எழுதவில்லை. ஒரு அம்மாவுக்கு எத்தனை கை இருக்கிறது? ஆனாலும் லயங்களுக்குப் போய் வரும்போது நாம் காண்கிற இரண்டு காரியங்கள் மனதை உறுத்துகின்றன. ஒன்று, பேன் இருக்கிறது என்ற வெட்கத்தில் பாடசாலைக்குப் போகாமல் வீட்டில் நிற்கும் பிள்ளைகள். மற்றது, முடி கொட்டுகிறது என்று மாதாமாதம் புதுப் புது எண்ணெய்ப் போத்தலுக்குக் காசு கொடுக்கும் குடும்பங்கள். இரண்டுக்கும் வழி உண்டு. அந்த வழி பெரும்பாலும் செலவு குறைந்த வழிதான்.

முடியின் வேர் எங்கே இருக்கிறது?

தேயிலைச் செடியை நமக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. கொழுந்து மஞ்சளித்துப் போனால் இலைக்குச் சாயம் பூசுவோமா? மண்ணைப் பார்ப்போம், உரம் போடுவோம். தலைமுடியும் அப்படித்தான். தோலுக்கு வெளியே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. உயிர் இருப்பது தோலுக்குக் கீழே உள்ள வேரில். அந்த வேருக்குச் சாப்பாடு கொண்டு போவது இரத்தம். ஆகவே எண்ணெயும் சம்போவும் வெளியே உள்ள முடியைப் பளபளப்பாக்கலாம், சிக்கு விழாமல் வைக்கலாம். வேருக்குச் சாப்பாடு போட அவற்றால் முடியாது.

ஒரு விசயத்தில் மட்டும் முடி தேயிலையைப் போல இல்லை. கவ்வாத்து வெட்டினால் செடி புதுசாகத் துளிர்க்கும். தண்டில் அதற்கான மொட்டு உண்டு. முடியில் மொட்டு கிடையாது. எனவே மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வரும் என்பது சரியல்ல. நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடுவது உங்கள் நம்பிக்கை. அடர்த்திக்காக என்றால் அது வேண்டாம்.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளரும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். சீப்பில் நாலு முடி வந்ததும் பயப்பட வேண்டாம். கடுமையான காய்ச்சல் வந்து போனால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். பிள்ளைப்பேறுக்குப் பிறகும் அப்படி நடக்கும். இது பெரும்பாலும் சில மாதங்களில் தானாகச் சரியாகிவிடும். இந்தக் காலத்தில் மருந்தெண்ணெய் வாங்கிப் பூசிவிட்டு, பிறகு முடி வந்ததும் அந்த எண்ணெய்தான் வளர்த்தது என்று நினைத்து விடுகிறோம்.

முடி கொட்டினால் முதலில் சாப்பாட்டைப் பாருங்கள்

காய்ச்சலும் இல்லை, ஆனால் பிள்ளையின் முடி மெலிந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கிறது. மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது, வகுப்பில் தூக்கம் வருகிறது. இப்படி இருந்தால் பிள்ளைக்கு இரத்தக் குறைவு இருக்கலாம். வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு மாதாமாதம் இரத்தம் போவதால் இரும்புச்சத்து கூடுதலாகத் தேவை. 12 வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளையின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தக் குறைவு என்பார்கள். ஒரு சின்ன இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். முடி கொட்டுவது நமக்குக் கண்ணில் படுகிறது. படிப்பு இறங்குவதும் உடம்பு சோர்வதும் அவ்வளவு சீக்கிரம் கண்ணில் படுவதில்லை. நாளைக்கு அவள் ஒரு பிள்ளைக்குத் தாயாகும்போது இதே இரத்தக் குறைவு உயிருக்கே ஆபத்தாக வரலாம். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

இரும்புச்சத்துக்கு விலை உயர்ந்த சாப்பாடு தேவையில்லை. முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை, கங்குங் என்று நம்மைச் சுற்றிக் கிடைக்கும் கீரை எதையும் விட வேண்டாம். கௌப்பி, பயறு, பருப்பு, நெத்தலிக் கருவாடு, சம்பளம் கிடைத்த கிழமையில் கொஞ்சம் ஈரல், இவை எல்லாம் நல்லவை. முடியே புரதத்தால் ஆனதுதான். ஆகவே முட்டையும் பருப்பும் வளரும் பிள்ளைக்கு வேண்டும். லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி கீரையும் நாலு கோழியும் இருந்தால் பாதிக் கவலை தீரும். காலையில் வெறும் ரொட்டியும் சீனியும் என்றால் வயிறு நிறையும், இரத்தம் ஊறாது. ரொட்டியோடு பருப்போ கீரைச் சுண்டலோ சேருங்கள்.

இங்கே ஒரு வீட்டு வழக்கத்தையும் யோசிக்க வேண்டும். முட்டையும் மீனும் முதலில் ஆம்பளைகளுக்கு, மிஞ்சினால் மகளுக்கு, அதிலும் மிஞ்சினால் அம்மாவுக்கு என்று பல வீடுகளில் நடக்கிறது. கொழுந்து எடுக்கிற அம்மாவுக்கும் வளருகிற மகளுக்கும்தான் இரும்புச்சத்து அதிகம் வேண்டும். ஆகவே சட்டியைப் பங்கு போடும்போது எல்லோருக்கும் சமமாகப் போடுங்கள்.

தேத்தண்ணியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு தேத்தண்ணி குடிக்காதே என்று சொல்ல முடியுமா? நாம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் தேயிலைச் சாயம், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தடுக்கும். சோற்றோடும் ரொட்டியோடும் சேர்த்துக் குடித்தால் தின்ற கீரையில் பாதிப் பலன் கிடைக்காமல் போகும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். அதற்குப் பதிலாகச் சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்து கொள்ளுங்கள், ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ கொடுங்கள். இவை இரும்புச்சத்து சேருவதற்கு உதவும். சின்னப் பிள்ளைக்குச் சாயத் தண்ணி கொடுத்துப் பசியை அடக்குவது வேண்டவே வேண்டாம்.

பூச்சி வயிற்றில் இருந்தாலும் இரத்தம் குறையும். கொக்கிப் புழு வெறும் காலின் தோல் வழியாகவே உள்ளே போகும். கக்கூசுக்குப் போகும்போதும் தோட்டத்தில் நடக்கும்போதும் செருப்பு போடப் பழக்குங்கள். பூச்சி மருந்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் டிஸ்பென்சரியிலோ பாடசாலையிலோ கொடுத்தால் தவறாமல் எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரை எடுத்தால் மலம் கறுத்துப் போகும். அது பயப்படும் விசயம் இல்லை. வயிற்றைப் பிரட்டினால் நிறுத்திவிடாமல் மருத்துவிச்சி அம்மாவிடம் கேளுங்கள்.

கழுவுவது, காயவைப்பது, பின்னுவது

கிழமைக்கு ஒரு தடவை அல்லது இரண்டு தடவை தலைக்குக் குளித்தால் போதும். நுவரெலியா, ஹட்டன் பக்கம் குளிர் அதிகம் என்பதால் குளித்த தலையைக் காயவிடாமல் பின்னிவிடுகிறோம். ஈரம் அடைத்துக் கிடந்தால் தலை நாறும், அரிக்கும். ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்ததும் காலையிலேயே குளிக்க வைத்து, இஸ்தோப்பில் உட்கார வைத்து நன்றாகக் காயவிட்டுப் பின்னுங்கள்.

தேங்காய் எண்ணெய் நல்லது. முடி உடையாமல் காக்கும். உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து, முடியின் நடுவிலிருந்து நுனி வரை தடவினால் போதும். பொடுகு உள்ள தலையில் எண்ணெயை ஊற்றி நாள்கணக்கில் ஊற வைத்தால் பொடுகு கூடலாம். சீயக்காய், செவ்வரத்தை இலை என்று வீட்டில் அரைப்பதைத் தாராளமாகப் பாவிக்கலாம். கண்ணில் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள். மாதவிடாய் நாட்களில் தலைக்குக் குளித்தால் ஆகாது என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. அந்த நாட்களில்தான் சுத்தம் அதிகம் வேண்டும்.

பின்னலை இறுக்கி இழுக்க வேண்டாம். நெற்றிப் பக்கத்துத் தோல் இழுபட்டுத் தலை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் பின்னல் இறுக்கம் என்று அர்த்தம். வருசக்கணக்கில் அப்படி இழுத்தால் முன்நெற்றி ஏறிவிடும், போன முடி திரும்பி வராமலும் போகலாம். அம்மாமாருக்கும் இது பொருந்தும். கூடைக் கயிறு தினமும் ஒரே இடத்தில் உராயும் தலையில் முடி தேய்ந்து போகும். கயிற்றுக்கும் தலைக்கும் நடுவில் மடித்த துணி ஒன்றை வைத்துக் கொள்ளுங்கள்.

சில பிள்ளைகளுக்குச் சுருட்டை முடி. “பரட்டைத் தலை” என்று வீட்டிலேயே கேலி செய்கிறோம். பிறகு அவள் டவுனுக்குப் போய், முடியை நேராக்குகிற மருந்து போடக் காசு கேட்கிறாள். அந்த மருந்துகள் தோலைப் புண்ணாக்கும், முடியை முறிக்கும். வளரும் பிள்ளைக்கு அது தேவையில்லை. சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில் இழுத்துச் சீவக் கூடாது. ஈரமாக இருக்கும்போது கொஞ்சம் எண்ணெய் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே சிக்கு எடுத்து வாருங்கள். அவள் முடி அவளுக்கு ஆத்தா அப்பன் கொடுத்தது. அதை அழகு என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

பேன் வந்தால் வெட்கம் எதற்கு?

பேனுக்குச் சுத்தமான தலை, அழுக்குத் தலை என்ற பேதம் இல்லை. அது பறக்காது, பாயாது. தலையும் தலையும் முட்டும்போது நடந்து போகும். ஒரே பாயில் நாலு பிள்ளைகள் படுக்கிற காம்பராவில் ஒருத்திக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். ஆகவே ஒருத்தியை மட்டும் பார்த்துப் பிரயோசனம் இல்லை. வீட்டில் எல்லோரின் தலையையும் ஒரே நாளில் பாருங்கள், அம்மாவின் தலையையும் சேர்த்து.

ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் எடுக்கும். பொரித்த குஞ்சு பெரிதாகி முட்டையிட இன்னும் ஒன்பது பத்து நாள் வேண்டும். இந்தக் கணக்குத் தெரிந்தால் பேனை ஒழிக்கலாம். தலையைக் கழுவி, ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவி, பேன் சீப்பால் அடியிலிருந்து நுனி வரை பிரித்துப் பிரித்து வாருங்கள். ஒவ்வொரு வாருக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடையுங்கள். 1ஆம் நாள், 5ஆம் நாள், 9ஆம் நாள், 13ஆம் நாள் என்று நான்கு தடவை செய்யுங்கள். ஒரு தடவை வாரிவிட்டு நிறுத்தினால், மிஞ்சிய ஈர் பொரித்து மறுபடி தொடங்கும். பேன் மருந்து போடுவதானால் டிஸ்பென்சரியில் கேட்டு வாங்குங்கள். அதையும் ஒரு கிழமை பத்து நாள் கழித்து மறுபடி போட வேண்டும். சீப்பையும் தலையணை உறையையும் சுடுதண்ணியில் போட்டுக் கழுவுங்கள்.

பேனுக்காகப் பிள்ளையைப் பாடசாலையில் நிறுத்த வேண்டாம். முடியை இறுக்காமல் பின்னிக் கட்டி அனுப்புங்கள். வகுப்பு முழுக்கப் பேன் இருந்தால் ரீச்சரோடு பேசி எல்லா வீட்டாரும் ஒரே கிழமையில் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரரையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

செய்யவே கூடாதவை

1. மண்ணெண்ணெயைத் தலையில் ஊற்றக் கூடாது. பக்கத்தில் அடுப்போ குப்பி விளக்கோ இருந்தால் தலை பற்றிக்கொள்ளும். தோலும் வெந்துவிடும்.

2. தோட்டத்தில் அடிக்கும் பூச்சி மருந்து, புல்லு மருந்து எதையும் ஒரு சொட்டும் தலையில் வைக்கக் கூடாது. அது தோல் வழியாக இரத்தத்துக்குப் போகும். பிள்ளையின் உயிரே போகலாம். தெரியாமல் பட்டுவிட்டால் உடனே உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணியில் கழுவி, மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

3. மாட்டுக்கும் நாய்க்கும் போடும் உண்ணி மருந்தைப் பிள்ளைக்குப் போடக் கூடாது.

4. தண்டனையாகப் பிள்ளையின் முடியை வெட்டக் கூடாது. அந்த வலி முடி வளர்ந்த பிறகும் போகாது.

எப்போது காட்ட வேண்டும்?

தலையில் வட்டமாக முடி போய், அந்த இடம் செதில் செதிலாக இருந்தால் அது படையாக இருக்கலாம். இதற்கு மேலே பூசும் மருந்து மட்டும் போதாது, குளிசை தேவைப்படும். பிள்ளைக்குப் பிள்ளை தொற்றும் என்பதால் சீப்பைத் தனியாக வையுங்கள். தலையில் புண் வந்து சீழ் வைத்தால், கழுத்தில் நெறி கட்டினால், மூன்று மாதத்துக்கு மேல் முடி கொட்டினால், முடியோடு களைப்பும் மூச்சு வாங்கலும் இருந்தால், இனி எண்ணெய்ப் போத்தல் வாங்க வேண்டாம். டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்கள்.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. மகளின் தலையைப் பார்ப்பது பொம்பளை வேலை என்று ஒதுங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தண்ணி சுடவைத்துக் கொடுக்கலாம், தம்பி தங்கச்சியின் தலையைப் பேன் சீப்பால் வாரலாம், கீரைப் பாத்தி கொத்தலாம். தவறணையில் போகிற காசில் கொஞ்சம் திரும்பினால் வீட்டுக்கு முட்டை வரும். பேன் பார்க்க உட்காருகிற அந்த அரை மணித்தியாலத்தில்தான் மகள் மனம் விட்டுப் பேசுவாள். பாடசாலையில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். ஒரு பேன் சீப்பு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய், ஒரு வெள்ளைத் துணி போதும். அதோடு மகளின் கீழ் இமையையும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் திங்கட்கிழமையே மருத்துவிச்சி அம்மாவிடம் கூட்டிப் போங்கள்.