ஆலைக் கருவிகளைப் பேணும் தொழில்

பிலாய், ரூர்கேலா, துர்க்காப்பூர் போன்ற ஆலை நகரங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளையை மேற்கொண்டு எதில் சேர்ப்பது என்னும் கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. பட்டப் படிப்பை விட்டால் வேறு வழியில்லை என்று எண்ணும் பெற்றோர், ஆலையின் மின்சாரச் சாதனங்களையும் அளவைக் கருவிகளையும் பேணும் தொழிலைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வது நன்று.

மத்திய அரசு 1950-ஆம் ஆண்டில் தொடங்கிய பயிற்சித் திட்டத்தின்கீழ் நாடெங்கும் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள் நடைபெறுகின்றன. எலக்ட்ரீஷியன், இன்ஸ்ட்ரூமென்ட் மெக்கானிக் ஆகிய இரு பிரிவுகளும் இவ்விரண்டு ஆண்டுப் படிப்புகளாகும். பத்தாம் வகுப்பில் கணிதமும் விஞ்ஞானமும் பயின்று தேறியவர் சேரலாம், பெண்களுக்கும் இடமுண்டு. முதற்பிரிவு மோட்டார், டிரான்ஸ்பார்மர் முதலியவற்றை இயக்கும் வலிய மின்சாரத்தைப் பற்றியது. மற்றது வெப்பம், அழுத்தம், திரவ ஓட்டம் ஆகியவற்றை அளந்து அறிவிக்கும் மெல்லிய மின்சாரத்தைப் பற்றியது. ஆலையில் இவை இரண்டும் பிணைந்தே இருப்பதால், ஒன்றைக் கற்றவர் மற்றதையும் ஓரளவு அறிந்திருத்தல் அவசியம்.

ஓர் உதாரணம் கூறுவோம். உலையின் வெப்பத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு அறிவிக்கும் கம்பியில் 4 முதல் 20 மில்லியாம்பியர் வரை மின்னோட்டம் செல்லும். அளவு வரம்பு 0 முதல் 800 டிகிரி எனக் கொண்டால், 4 என்பது 0 டிகிரியையும், 12 என்பது 400 டிகிரியையும், 20 என்பது 800 டிகிரியையும் குறிக்கும். 4-இல் தொடங்குவானேன்? கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகிவிடும். உலை குளிர்ந்துவிட்டதென்று தவறாகக் கருதி எரிபொருளைக் கூட்டாமல், கோளாறு கம்பியில்தான் என்று உடனே கண்டுகொள்ளலாம். பழுது உலையிலா, அதை அளக்கும் கருவியிலா என்று பிரித்தறிவதே இத்தொழிலின் உயிர்நாடி.

மின்சாரத்தைக் கையாள்வோருக்கு அவசரமே பகை. மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்விட்சைத் தம் பூட்டினால் பூட்டி, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சோதனைக் கருவியை, மின்சாரம் உள்ளதென்று தெரிந்த ஓரிடத்தில் முதலில் வைத்துப் பார்த்து, வேலை செய்யும் இடத்தைச் சோதித்து, மீண்டும் முன்னிடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இடையில் சோதனைக் கருவியே பழுதாகியிருக்கலாமன்றோ? பார்த்துப் பழகிய உதவியாளர் கம்பி இணைப்பதில் கைதேர்ந்தவராயிருக்கலாம். உயிரைக் காக்கும் இவ்வொழுங்கு முறையான பயிற்சியிலேயே நன்கு படிகிறது.

தேர்வில் வென்றோர் பெறும் தேசியத் தொழிற் சான்றிதழ் நாடெங்கும் செல்லும். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, உதவித்தொகை பெற்றுக்கொண்டே ஆலையில் பழகவும் வழியுண்டு. ஆனால் வயர்மேன், மேற்பார்வையாளர் ஆகியோருக்கான உரிமங்களை அந்தந்த மாநிலத்தின் உரிம வாரியமே வழங்குகிறது. ஆகவே மாநிலம் விட்டு மாநிலம் செல்வோர், தம் உரிமம் அங்கே செல்லுமா என்று முன்னதாகக் கேட்டறிதல் வேண்டும்.

பாடம் வேற்று மொழியில் நடக்குமே என்று தயங்க வேண்டியதில்லை. வகுப்பில் வோல்ட்டேஜ் என்றும் கரண்ட் என்றும் கேட்டு வந்ததை, வீட்டில் மின்னழுத்தம் என்றும் மின்னோட்டம் என்றும் பெற்றோரிடம் விளக்கிச் சொல்லிப் பார்க்கட்டும். தாய்மொழியில் எடுத்துரைக்க முடிந்த பாடம் மனத்தில் நிலைத்து நிற்கும்.