மெகா பிளாஸ்க் அனுப்பிய காந்திநகர் அலுவலகம்

மாணவச் செல்வங்களே, கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடியிருக்கிறீர்களா? ஒருத்தி அரிசி கொண்டு வருவாள், இன்னொருவன் பருப்பு, ஒருவர் கத்தரிக்காய். எல்லாம் வந்து சேர்ந்துவிடும். உப்புக்குப் பொறுப்பேற்றவனை மட்டும் அவன் அம்மா கடைக்கு அனுப்பியிருப்பார். அடுப்பு எரிந்துகொண்டிருக்க, எல்லாரும் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்!

பிரான்ஸ் நாட்டின் தெற்கே கடராஷ் என்ற இடத்தில், உலக நாடுகள் சேர்ந்து இப்படி ஒரு கூட்டாஞ்சோறு ஆக்கிக்கொண்டிருக்கின்றன. அதன் பெயர் ஈட்டர். லத்தீன் மொழியில் ‘வழி’ என்று பொருள். ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், தென் கொரியா ஆகியவற்றோடு நம் இந்தியாவும் இதில் உறுப்பினர். நாம் சேர்ந்தது 2005 டிசம்பரில். 2006 நவம்பர் 21 அன்று பாரிஸில் எல்லாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

அப்படி என்ன சமைக்கிறார்கள்? சூரியனில் நடப்பதைப் பூமியில் செய்து பார்க்கிறார்கள். சூரியனின் நடுவில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஹீலியமாக மாறுகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றல்தான் நமக்கு வெயிலாக வருகிறது. இதுவே அணுக்கரு இணைவு. பூமியில் இதைச் செய்ய 15 கோடி டிகிரி வெப்பம் வேண்டும். சூரியனின் நடுப்பகுதியைப் போல் பத்து மடங்கு! எந்தப் பாத்திரமும் தாங்காது. எனவே, காந்த விசையால் அந்த வெப்ப வாயுவைச் சுவரில் படாமல் அந்தரத்தில் நிறுத்துவார்கள். அந்தக் காந்தங்களோ, மைனஸ் 269 டிகிரி குளிரில்தான் வேலை செய்யும். நெருப்பும் பனியும் சில மீட்டர் இடைவெளியில்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உறுப்பு நாடுகள் தங்கள் பங்கைப் பெரும்பாலும் பணமாகக் கொடுப்பதில்லை, பொருளாகவே கொடுக்கின்றன. கட்டுமானச் செலவில் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு ஒன்பது. ரூபாயும் யூரோவும் ஏறி இறங்குமே, கணக்கு எப்படிப் போடுவது? அதற்கென்றே ஈட்டருக்குத் தனி ‘கணக்கு அலகு’ வைத்திருக்கிறார்கள். இன்ன பொருளுக்கு இத்தனை அலகு என்று முதலிலேயே பேசி முடித்துவிடுவார்கள்.

காந்தச் சுருளுக்கு வேண்டிய ஒரு வகைக் கம்பியை மட்டும் ஆறு உறுப்பினர்கள் தனித்தனியே செய்தார்கள். ஒரே இடத்தில் வாங்கியிருந்தால் சிக்கனமாக முடிந்திருக்குமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால், செய்து பார்த்தவருக்குத்தானே செய்முறை கைவரும்? அந்தத் தொழில்நுட்பம் நம் நாட்டுக்கும் வேண்டும் என்றுதான் ஒவ்வொருவரும் பொருளாகத் தருகிறார்கள்.

பொருளாகத் தருவதென்றால் அதைக் கவனிக்க வீட்டில் ஒருவர் வேண்டாமா? அதனால் ஒவ்வொரு உறுப்பினரும் சொந்த மண்ணில் ஒரு திட்ட அலுவலகம் அமைத்தார்கள். நம்முடையது குஜராத்தில் உள்ள ‘ஈட்டர்-இந்தியா’. காந்திநகரில் இருக்கும் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. ஏன் அங்கே? அந்த நிறுவனம் 1989-லேயே ‘ஆதித்யா’ என்ற சிறிய இணைவு இயந்திரத்தைக் கட்டி இயக்கிய அனுபவசாலி. அதை உருவாக்கி வளர்த்தவர் பிரதிமன் கிருஷ்ண காவ் என்ற அறிஞர். பதினெட்டு வயதில் முனைவர் பட்டம் வாங்கியவர்!

அலுவலகம் என்றதும் நாற்காலியும் கோப்பும்தான் நினைவுக்கு வரும். இங்கே வேலை வேறு. பிரான்ஸிலிருந்து வரும் தேவையைப் புரிந்துகொண்டு வரைபடம் தயாரிக்க வேண்டும். அதைச் செய்யக்கூடிய தொழிற்சாலையைத் தேடி ஒப்பந்தம் போட வேண்டும். எஃகுத் தகடு எந்த ஆலையில் உருக்கியது, எந்த வெல்டிங்கை யார் சோதித்தார் என்று ஒவ்வொன்றுக்கும் ஜாதகம்போல் பதிவு வைக்க வேண்டும். பிறகு கப்பல் ஏற்ற வேண்டும்.

நாம் செய்த பொருள்களில் பெரியது ‘கிரையோஸ்டாட்’. முழு இயந்திரத்தையும் உள்ளே வைத்து மூடும் ராட்சத பிளாஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளி வெப்பம் உள்ளே போகாமல் காந்தங்களின் குளிரைக் காப்பாற்றுவது இதன் வேலை. உயரம் 29 மீட்டர், அகலமும் ஏறக்குறைய அதே அளவு. எடை 3,850 டன். ஒரு யானை ஐந்து டன் என்றால் 770 யானைகள்!

இதை எந்தச் சாலையில் கொண்டுபோவது? முடியாது. எனவே குஜராத்தின் ஹசீராவில் லார்சன் அண்ட் டூப்ரோ தொழிற்சாலை இதை 54 பெரிய துண்டுகளாகச் செய்தது. அவை கப்பலில் பிரான்ஸ் போய், அங்கிருந்து 104 கிலோமீட்டர் சாலை வழியே, போக்குவரத்து குறைந்த இரவு நேரங்களில் மெல்ல மெல்ல நகர்ந்தன. துண்டுகளை ஒட்டுவதற்கென்றே இந்தியா அங்கே ஒரு பெரிய பட்டறை கட்டியிருந்தது. நான்கு பகுதிகளாக வெல்டிங் செய்தார்கள். 1,250 டன் எடையுள்ள அடிப்பாகம் 2020 மே மாதம், கொரோனா பயத்துக்கு நடுவிலே, குழிக்குள் இறங்கியது.

நான் பணியில் இருந்தபோது ஓர் ஆண்டு விழாவுக்கு மேடைத் திரை தைக்கக் கொடுத்தோம். தொங்கவிட்டால் தரைக்கு மேலே ஒரு முழம் நிற்கிறது. நாடகத்தில் ராஜாவின் கால்கள் மட்டும் தனியே நடந்தன! அளவை எழுதிக் கொடுக்காமல் வாயால் சொன்ன தப்பு என்னுடையது. எங்களுக்குச் சிரிப்போடு போயிற்று.

ஈட்டரில் அப்படிப் போகாது. வேறொரு நாட்டிலிருந்து வந்த பெரிய பாகங்களில் இணைப்பு ஓரங்களின் அளவு பிசகியிருந்தது. இன்னொரு பாகத்தின் குளிர்விக்கும் குழாய்களில் விரிசல் தெரிந்தது. 2022-ல் இதை வெளிப்படையாக அறிவித்தார்கள். குழிக்குள் இறக்கியிருந்த ஒரு பகுதியை 2023-ல் மறுபடி வெளியே தூக்க வேண்டியதாயிற்று. கொரோனா தாமதமும் சேர்ந்துகொள்ள, 2025-ல் தொடங்குவதாக இருந்த சோதனையை 2034-க்குத் தள்ளிவைத்துப் புதிய திட்டத்தை 2024-ல் வெளியிட்டார்கள். ஒருவர் பொருளில் குறை என்றால் ஏழு பேரும் காத்திருக்க வேண்டும்.

நம் பிளாஸ்கின் மேல் மூடி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அதற்கான துண்டுகள் 2020-லேயே ஹசீராவிலிருந்து கிளம்பிவிட்டன. பிரான்ஸில் ஒட்டியும் முடித்தாயிற்று. ஆனால், உள்ளே வைக்க வேண்டியதை எல்லாம் மற்ற நாடுகள் வைத்து முடித்த பிறகல்லவா மூடியைப் போட முடியும்? அதுவரை உறை போர்த்தி அங்கேயே பத்திரமாக வைத்திருப்பார்கள்.