சுத்தபோசனம் விருந்தான கதை

அமெரிக்க நாட்டின் வடபகுதியில், மிச்சிகன் ஏரிக்கு மேற்கே அமைந்துள்ள மாநிலம் விஸ்கான்சின். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி ஆயிற்றென்றால், அம்மாநிலத்தின் ஊர்ப்புறச் சாலைகளில் ஓர் இனிய காட்சியைக் காணலாம். ஏரிக்கரையிலும் சாலைத் திருப்பங்களிலும் இருக்கும் எளிய உணவகங்களின் முன்னே கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். தந்தையும் தாயும் இறங்குவர். பின்னிருக்கையிலிருந்து பிள்ளைகள் குதித்து ஓடுவர். தாத்தாவின் கையைப் பற்றி ஒருவர் மெல்ல நடத்தி வருவார். எவரும் ஆடம்பரமாக உடுத்தியிருப்பதில்லை. தொழிற்சாலையிலிருந்தோ பண்ணையிலிருந்தோ நேரே வந்தவர்களும் அவர்களிடையே உண்டு. கதவைத் திறந்ததும் மீன் பொரியும் மணம் அவர்களை வரவேற்கும்.

இதற்கு அம்மக்கள் வழங்கும் பெயர் ‘ஃபிஷ் ஃப்ரை’. பொரித்த மீன் உணவு என்பது பொருள். வெள்ளிக்கிழமைதோறும் குடும்பத்தோடு வெளியே சென்று மீன் உண்பது அங்கே பல தலைமுறைகளாக நிலைத்துவிட்ட வழக்கம். கத்தோலிக்கர் மட்டுமன்றி லூத்தரன் சபையினரும், எச்சமயத்தையும் சாராதவரும் இம்மேசையில் அமர்கின்றனர். ஆயினும் ஏன் வெள்ளிக்கிழமை? ஏன் மீன்? இவ்வினாக்களுக்கு விடை தேடினால், நம் வீட்டுப் பெரியவர்கள் நன்கறிந்த ஒரு சொல்லில்தான் போய் முடியும். அச்சொல் ‘சுத்தபோசனம்’ என்பதாகும்.

ஆண்டவர் பாடுபட்டு உயிர்துறந்த நாளின் நினைவாக, வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்க வேண்டும் என்பது திருச்சபையின் பழைய ஒழுங்கு. 1966-ஆம் ஆண்டு வரை அமெரிக்கக் கத்தோலிக்கரை இக்கட்டளை ஆண்டின் எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் கட்டுப்படுத்தியது. அறிந்து மனம்பொருந்தி அதை மீறுவது சாவான பாவம் என்று சிறுவர்களுக்கு ஞானோபதேச வகுப்பில் கற்பிக்கப்பட்டது. நிலத்தில் வாழும் விலங்குகளின் இறைச்சியும் பறவைகளின் இறைச்சியுமே விலக்கப்பட்டன, மீனுக்குத் தடையில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் போலந்து மக்கள் வாழ்ந்த பகுதிகளிலிருந்தும் கூட்டங்கூட்டமாக மக்கள் விஸ்கான்சினில் குடியேறினர். அவர்களுள் கத்தோலிக்கர் மிகப் பலர். மில்வாக்கி நகரில் ஆலயக் கோபுரங்கள் எழுந்தன. அவற்றின் அண்டையிலேயே பீர் வடிக்கும் ஆலைகளும் எழுந்தன. அருகிலிருந்த ஏரியிலோ மஞ்சள் பெர்ச் என்னும் சிறுமீன் ஏராளமாகக் கிடைத்தது, விலையும் மலிவு. உழைத்துப் பிழைக்கும் குடும்பத்திற்கு வெள்ளிக்கிழமைக் கட்டளையை நிறைவேற்ற அது கைகொடுத்தது.

இவ்வீட்டுணவை உணவகத்திற்குள் வேரூன்றச் செய்ததில் பெரும்பங்கு மதுவிலக்குச் சட்டத்திற்கு உண்டு. 1920-ஆம் ஆண்டு சனவரி முதல் 1933-ஆம் ஆண்டு டிசம்பர் வரை அமெரிக்கா முழுவதும் மதுவிற்பனை தடைசெய்யப்பட்டிருந்தது. பீர் விற்றுப் பிழைத்த கடைக்காரர்களுக்கு வருவாய் நின்றது. கடையைத் திறந்து வைக்க வேண்டுமாயின் உணவைத்தான் நம்பவேண்டும். மலிவான மீனும் வெள்ளிக்கிழமைக் கட்டளையும் அவர்களுக்குத் துணைநின்றன. ஆண்கள் மட்டுமே கூடிய இடங்களுக்கு மனைவியரும் மக்களும் வரத் தொடங்கினர். சட்டம் நீங்கி மது திரும்பி வந்தபோதும் குடும்பங்கள் விலகிச் செல்லவில்லை.

இன்றும் அத்தட்டில் வருவன பெரும்பாலும் பழையனவே. மாவில் தோய்த்துப் பொன்னிறமாகப் பொரித்த மீன் துண்டுகள். மெல்லியதாய் நறுக்கிய முட்டைக்கோசைப் பாலேடு சேர்ந்த புளிப்புக் குழம்பில் பிசறிய கோல்ஸ்லா. ரை என்னும் தானியத்தில் செய்த ரொட்டித் துண்டு. ஓர் எலுமிச்சைக் கீற்று. இவற்றோடு உருளைக்கிழங்கு வறுவலோ, உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட அடையோ வரும். அடைக்குத் தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ் தருவர். ஜெர்மானியப் பாட்டிமாரின் அடுக்களையை நினைவூட்டும் உணவு அது.

‘சப்பர் கிளப்’ என்றழைக்கப்படும் உணவகங்களில் இம்மாலைப்பொழுது மிகவும் மெதுவாகவே நகரும். பெயரில் ‘கிளப்’ என்றிருப்பினும் உறுப்பினர் சந்தா ஏதுமில்லை, யாரும் செல்லலாம். பெரும்பாலானவை ஒரே குடும்பத்தார் நடத்துபவை. வெள்ளிக்கிழமையன்று உடனே இடம் கிடைப்பது அரிது. பெயரைப் பதிந்துவிட்டு முன்கூடத்தில் காத்திருக்க வேண்டும். பெரியவர்கள் பிராந்தி கலந்த பானத்தோடு அமர்ந்திருக்க, சிறுவர்க்குச் செர்ரிப்பழம் மிதக்கும் இனிப்புச் சோடா கண்ணாடிக் கோப்பையில் வரும். பெற்றோரோடு வரும் பிள்ளைகள் இத்தகைய இடங்களில் அமர அம்மாநிலச் சட்டம் இடந்தருகிறது. அரைமணியோ ஒருமணியோ நீளும் அக்காத்திருப்பில் அண்டை வீட்டார் வந்து நலம் விசாரிப்பர். பள்ளியில் நடந்ததைப் பிள்ளைகள் சொல்வர். தாத்தா தம் இளமைக்கால ஏரியைப் பற்றிப் பேசுவார். வாரம் முழுவதும் ஆளுக்கொரு திசையாய் ஓடிய குடும்பம் அங்கே மீண்டும் ஒன்றாகிறது.

இதே வெள்ளிக்கிழமை, விரைவுணவின் உலகிலும் ஒரு மாற்றத்தை உண்டாக்கியது. ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரின் அருகே, கத்தோலிக்கர் நிறைந்த பகுதியொன்றில் லூ குரோன் என்பவர் மக்டொனால்ட்ஸ் உணவகம் ஒன்றை நடத்திவந்தார். மாட்டிறைச்சி அடைத்த ஹாம்பர்கரே அங்கே முக்கிய உணவு. வெள்ளிக்கிழமை வந்தால் கடை வெறிச்சோடிப் போகும். கடையைக் காப்பாற்ற எண்ணிய குரோன், ரொட்டிக்கிடையே பொரித்த மீனை வைத்து விற்க அனுமதி வேண்டினார். நிறுவனத்தின் தலைவர் ரே கிராக்கோ வேறொரு திட்டம் வைத்திருந்தார். இறைச்சிக்குப் பதிலாகச் சுட்ட அன்னாசித் துண்டை ரொட்டியில் வைத்து, அதற்கு ‘ஹூலா பர்கர்’ என்று பெயரிட்டார். 1962-ஆம் ஆண்டில் ஒருநாள் இரண்டும் விற்பனைக்கு வைக்கப்பட்டன. மீன் 350 விற்றது. அன்னாசி 6 மட்டுமே விற்றது என்று குரோன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1965-இல் அந்த மீன் ரொட்டி நாடெங்கும் அந்நிறுவனத்தின் உணவுப் பட்டியலில் இடம்பெற்றது. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தொடாத சாதாரணக் குடும்பங்கள், ஒரு பெருநிறுவனத்தின் உணவுப் பட்டியலையே மாற்றிவிட்டன.

ஆனால் அடுத்த ஆண்டிலேயே நிலைமை மாறியது. 1966 பெப்ருவரியில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் தவமுயற்சிகளைக் குறித்துப் புதிய ஒழுங்குகளை வெளியிட்டார். அதனைப் பின்பற்றி அவ்வாண்டு நவம்பர் 18-ஆம் நாள் அமெரிக்க ஆயர்கள், தவக்காலத்திற்குப் புறம்பான வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் பாவத்தின்கீழ் கட்டாயமாயிராது என்று அறிவித்தனர். தவக்கால வெள்ளிக்கிழமைகளிலும் திருநீற்றுப் புதனன்றும் மட்டும் பழைய கட்டளை நீடித்தது.

கட்டளை தளர்ந்தபின் வெள்ளிக்கிழமை மீன் மறைந்துபோயிருக்க வேண்டும். பல இல்லங்களில் மறைந்தும் போயிற்று. ஆனால் விஸ்கான்சின் உணவகங்களில் மறையவில்லை. ஏனெனில் அங்கே அது கட்டளை என்ற நிலையைக் கடந்து, குடும்பத்தின் உடைமையாகிவிட்டிருந்தது. பாட்டி அமர்ந்த மேசையில் பேத்தி அமர்கிறாள். அவள் பாவத்திற்கு அஞ்சி அங்கே வரவில்லை. தன்னைச் சேர்ந்தவர்கள் அங்கே இருப்பார்கள் என்பதால் வருகிறாள்.

எனினும், அன்பர்களே, இங்கே நம் மனச்சான்று ஒரு கேள்வியை எழுப்பாமலிராது. வயிறு கொள்ளுமட்டும் பொரித்த மீனை உண்பது எவ்வகையில் தவமாகும்? பல உணவகங்களில் ஒரே விலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் மீன் தருகின்றனர். இறைச்சியைத் தொடவில்லை என்பதால் கட்டளை காக்கப்பட்டது. ஆனால் கட்டளையின் உட்கருத்து அத்தட்டில் எங்கே இருக்கிறது? ஏழையின் உணவைத் தானும் உண்டு, எஞ்சியதை ஏழைக்கு ஈவதே சுத்தபோசனத்தின் பழைய நோக்கம். அது விருந்தாக மாறிவிட்டபின் ஏழையின் பங்கு என்னவாயிற்று?

1966-இல் அமெரிக்க ஆயர்களும் இதனை எண்ணாமலில்லை. இறைச்சியை விலக்குவது எல்லாக் காலத்திலும் எல்லாருக்கும் பயனுள்ள தவமாக அமைவதில்லை என்று அவர்கள் வெளிப்படையாகவே குறிப்பிட்டனர். வெள்ளிக்கிழமையை மக்கள் மறந்துவிடலாகாது. மனமுவந்து இறைச்சியை விலக்கினால் நன்று. நோயாளிகளைச் சந்திப்பதும், முதியோருக்கும் தனித்திருப்போருக்கும் உதவுவதும் அந்நாளுக்கு மிகவும் ஏற்றவை என்று அறிவுறுத்தினர். கட்டாயத்தை நீக்கிய அவர்கள், பொறுப்பை ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒப்படைத்தனர்.

அப்பொறுப்பைச் சிலர் ஏற்றுக்கொண்டதற்குச் சான்றும் உண்டு. ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதி வறட்சியால் வாடியபோது, 1975-இல் பென்சில்வேனியா மாநிலத்து ஆலன்டவுன் மறைமாவட்டத்தில் ஒரு முயற்சி தொடங்கியது. சிறிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தவக்காலத்தில் சாப்பாட்டு மேசையின் நடுவே வைத்து, எளிய உணவால் மிச்சமாகும் காசைக் குடும்பத்தார் அதில் இடுவர். ‘ரைஸ் பவுல்’, அதாவது சோற்றுக் கிண்ணம் என்று அதற்குப் பெயர். விரைவில் அது நாடெங்கும் பரவியது. திரளும் தொகையில் முக்கால் பங்கு பிறநாட்டு ஏழைகளுக்குச் செல்கிறது. கால் பங்கு அந்தந்த மறைமாவட்டத்து எளியோருக்கே தரப்படுகிறது.

பங்குகளிலும் ஒரு நல்ல வழக்கம் வளர்ந்துள்ளது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பங்கு மன்றத்திலேயே மீன் பொரித்து விற்கின்றனர். அடுப்பருகே நிற்பவர் பங்கின் ஆடவர்; தட்டேந்தி மேசைமேசையாகச் செல்பவர் பள்ளிச் சிறுவர். திரளும் பணம் பள்ளிக்கும் தருமப் பணிகளுக்கும் செல்கிறது. உணவகத்தில் பிறர் பரிமாற அமர்ந்திருக்கும் அதே பிள்ளைகள், இங்கே பிறருக்குப் பரிமாறக் கற்கின்றனர்.

பரிமாறுதல் எளிய வேலையன்று. அமெரிக்க உணவகத்தில் தட்டுகளைச் சுமந்து வரும் பெண்ணின் நிலையை அறிந்தவர்கள் இதனை மறுக்கமாட்டார்கள். விஸ்கான்சினில், வெகுமானம் பெறும் பணியாளருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 33 சென்ட் மட்டுமே. வெகுமானத்தோடு சேர்த்தும் பொதுவான குறைந்தபட்சக் கூலியாகிய 7 டாலர் 25 சென்ட்டை எட்டாவிடில், குறையை முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்பது சட்டம். ஆகவே அவளுடைய வருவாயின் பெரும்பகுதி, உண்பவர் மேசையில் விட்டுச்செல்லும் பணமே. விலைச்சீட்டில் நூற்றுக்கு 15 முதல் 20 வரை கணக்கிட்டுத் தருவது அந்நாட்டு வழக்கம். கூட்டம் மிகுந்த வெள்ளிக்கிழமை மாலைதான் அவளுக்கு வாரத்தின் நல்ல வருவாய் நாள். தன் குடும்பத்தோடு அமர்ந்து உண்ண முடியாத நாளும் அதுவே. ஏழையின் பங்கு எங்கே என்று கேட்டோமே, அதற்குரிய ஒரு விடை அம்மேசையின் அருகிலேயே நிற்கிறது. தந்தை அவ்வெகுமானத்தை எப்படித் தருகிறார், அவளிடம் எவ்வகையில் பேசுகிறார் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

இக்கதையில் வருந்தத்தக்க திருப்பமும் உண்டு. பாட்டனார் காலத்தில் மலிவாகக் கிடைத்த மஞ்சள் பெர்ச், மிச்சிகன் ஏரியில் அருகிப் போயிற்று. 1996-இல், கிரீன் பே என்னும் விரிகுடா நீங்கலாக, விஸ்கான்சினுக்குரிய ஏரிப்பகுதியில் அம்மீனை வணிகத்திற்காகப் பிடிப்பது நிறுத்தப்பட்டது. இன்று பெரும்பாலான தட்டுகளில் இருப்பது தொலைக்கடலிலிருந்து உறைபனியில் வைத்துக் கொண்டுவரப்படும் காட் மீன். ஏரியின் மீன் போயிற்று. கட்டளையின் கண்டிப்பும் போயிற்று. குடும்பமாகக் கூடி அமரும் வழக்கம் மட்டும் நிற்கிறது.

அதை நாம் இகழவேண்டியதில்லை. தந்தையும் தாயும் மக்களும் முதியோரும் வாரம் ஒருமுறை ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவது சிறிய நன்மையன்று. ஒரு பழைய கட்டளை அந்நன்மையை அவர்களுக்கு விட்டுச்சென்றது. ஆயினும் அக்கட்டளை காட்டிய வேறு இருவரும் உண்டு: உணவில்லாதவர் ஒருவர், நமக்காக உழைப்பவர் மற்றவர். வெள்ளிக்கிழமை உணவுக்கு அமரும்போது, அது வீட்டிலாயினும் உணவகத்திலாயினும், அவ்விருவருக்கும் என்ன செய்யப்போகிறோம் என்று பெற்றோர் தம் பிள்ளைகளோடு கலந்து பேசட்டும். அவ்வாறு பேசும் குடும்பத்தில், கட்டளையின் கண்டிப்பு நீங்கியபின்னும் அதன் உட்கருத்து உயிரோடிருக்கும்.