பச்சை விளக்கின் கூடுதல் நொடிகள்

2030ஆம் ஆண்டளவில் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். நகர நிர்வாகம் மூத்தோர்க்கு ஆற்றும் பணியை அறிய நாம் பெரிய மருத்துவமனைகளை நாட வேண்டியதில்லை. சாலையைக் கடக்கும் இடம் ஒன்றே போதும்.

பச்சை விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும் என்பதை, நடப்பவரின் பொதுவான வேகத்தைக் கொண்டே கணக்கிடுகின்றனர். கைத்தடி ஊன்றி நடப்பவர் அக்கணக்கில் அடங்குவதில்லை. பாதி வழியில் விளக்கு மாறிவிடுமோ என்று அஞ்சுபவர், நாளடைவில் எதிர்ப்புறச் சந்தைக்குச் செல்வதையே விட்டுவிடுவார். நிலப் போக்குவரத்து ஆணையம் 2009இல் ‘கிரீன் மேன் பிளஸ்’ முறையைக் கொண்டுவந்தது. மூத்தோர் தம் சலுகை அட்டையை விளக்குக் கம்பத்திலுள்ள கருவியில் வைத்தால், சாலையின் அகலத்திற்கேற்ப 3 முதல் 13 நொடிகள் கூடுதலாகக் கிடைக்கும். எல்லார்க்கும் எந்நேரமும் நீட்டாமல், வேண்டுவோர்க்கு வேண்டும்போது தருவதே இதன் நுட்பம். 2014 முதல் அமைந்துவரும் ‘சில்வர் ஸோன்’ பகுதிகளில், இரு கட்டமாகக் கடக்க உதவும் நடுத்திட்டுகளும் உண்டு.

ஆயினும், எந்தச் சாலையில் நேரம் போதவில்லை என்பதை அங்கு நாள்தோறும் நடப்பவரே அறிவார். அவரிடம் எம்மொழியில் கேட்பது? ஆங்கிலக் கலந்துரையாடலில் தமிழ்ப் பாட்டி தலையசைத்தால், அதனை இசைவு என்று கொள்வது எளிது. இங்கேதான் நம் மாணவர் உதவ முடியும். வாய்மொழிப் பயிற்சியாகவே வட்டார மூத்தோரிடம் உரையாடி, அவர்கள் கூறும் இடர்களை எழுதி அனுப்பலாம். சாலைக் குறைகளை ஆணையத்திற்கும், பேட்டைக்குள் உள்ள படி, சரிவுப்பாதைக் குறைகளை நகர மன்றத்திற்கும் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அவ்வழியே அறிந்துகொள்வர்.