குளிர்ந்த ஆண்டின் போர்ட் மது

போர்ச்சுகல் நாட்டின் டூரோ பள்ளத்தாக்கில் 1977ஆம் ஆண்டுக் கோடை வழக்கத்தினும் குளிர்ந்திருந்தது. செப்டம்பர் வெயிலே திராட்சையைக் கனிவித்தது. ஆயினும் மது நிறுவனங்கள் பலவும் அவ்வாண்டை 'விண்டேஜ்' என அறிவித்தன. இதில் வியப்பில்லை. வெப்பம் குறைந்தால் பழத்திலுள்ள மாலிக் அமிலம் மெல்லவே சிதைகிறது, புளிப்பு எஞ்சுகிறது.

இத்தகைய மதுவை இனிப்பைக் கொண்டு மதிப்பிடலாகாது. சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி எஞ்சியிருக்கையிலேயே திராட்சைச் சாராயம் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுவர். ஆகவே இனிப்பின் அளவு பெரிதும் மனிதன் வகுப்பதே. 20 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலும் நாவை ஏமாற்றும். (சுவைப்போர் மதுவை விழுங்காது உமிழ்வது போதை ஏறாதிருக்கவே.)

நோக்க வேண்டியது துவர்ப்பு. அது ஈறுகளைப் பற்றிப் பின் பழச்சுவையோடு மெல்ல அகலுமாயின் தோலும் விதையும் முற்றியுள்ளன எனலாம். பச்சைக் காம்பை மென்றாற்போன்ற கசப்புத் தோன்றின் முற்றவில்லை. முன்னதற்குப் புளிப்பு நீண்ட ஆயுளைத் தரும். பின்னதையோ மேலும் கடுமையாக்கும். துவர்ப்புத் தணியப் புட்டியில் இருபது ஆண்டுகளும் ஆகலாம். ஆனால் அறுவடைக்குப் பின் மூன்றாம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் அதனைப் புட்டியில் அடைத்தாக வேண்டும். தீர்ப்பும் அதற்கு முன்னரே கூறப்படுகிறது.